பழைய வண்டிக்கு நம்பகமான மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாலுகதவு

எங்கள் வீட்டு கார் 14 வருஷம் பழசு. மீட்டர் 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பெட்ரோல், மேனுவல் கியர். இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை காலமும் ஒரே மெக்கானிக்தான் பார்த்தார். வயதாகிவிட்டது என்று அவர் பட்டறையை மூடிவிட்டார்.

இப்போது வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் இடதுபுறத்தில் 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஷாக் அப்சார்பரும் லோயர் ஆர்மும் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிணைக்கும் கை) போய்விட்டது என்றார்கள். இன்னொரு இடத்தில் ஸ்டீயரிங் ரேக்கையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். கம்பெனி சர்வீஸில் கேட்டால் பக்கம் பக்கமாக எஸ்டிமேட் வருகிறது. நான் சொன்ன சத்தம் அதில் எந்த வரியில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. யார் சொல்வது உண்மை என்று என்னைப் போன்ற ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியை விற்கச் சொல்லாதீர்கள், அது வேறு இழை.

கணக்குப்பிள்ளை

விற்கச் சொல்லத்தான் வந்தேன், வாயை அடைத்துவிட்டீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆன்லைன் ரேட்டிங்கில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து மெக்கானிக்கைத் தேடாதீர்கள். "சீக்கிரம் முடித்துக் கொடுத்தார்கள், வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள்" என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் வண்டியை எடுத்த அன்றைக்கே எழுதுகிறவர்கள். செய்த வேலை நிலைத்ததா இல்லையா என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போது யாரும் எழுத வருவதில்லை. "மூன்று வருஷமாக இங்கேதான் விடுகிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அதை மட்டும் படியுங்கள்.

அதைவிட நல்ல வழி, உங்கள் மாடலையே வைத்து அதிக கிலோமீட்டர் ஓட்டுபவர்களைக் கேட்பது. வாடகைக்கு ஓட்டுபவர்கள் என்றால் இன்னும் நல்லது. வண்டி நின்றால் அவர்களுக்கு அன்றைய வருமானம் போச்சு. அதனால் வேலை தெரியாத ஆளிடம் இரண்டாம் முறை போக மாட்டார்கள்.

இன்னொரு இடம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கவுன்ட்டரில் நிற்பவருக்கு எந்த மெக்கானிக் ஒரிஜினல் பாகம் கேட்டு வாங்குகிறார், யார் "இருப்பதிலேயே மலிவானதைக் கொடு" என்கிறார், யார் ஒன்றை வாங்கிப் போய்ப் பொருத்திப் பார்த்துவிட்டு "இது இல்லை போலிருக்கிறது" என்று திருப்பிக்கொண்டு வருகிறார் என்று எல்லாம் தெரியும். நேரடியாகக் கேட்டால் எல்லோரையும் நல்லவர் என்றுதான் சொல்வார், வியாபாரம் ஆயிற்றே. "உங்கள் கடையில் வேலை பார்ப்பவர்கள் சொந்த வண்டியை யாரிடம் விடுகிறார்கள்?" என்று கேளுங்கள்.

ஓரங்கட்டு

நல்ல மெக்கானிக் போனை எடுக்க மாட்டார். எடுத்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சந்தேகராணி

ஓரங்கட்டு, சிரிப்பு வந்தாலும் பாதி உண்மை. கூட்டம் இருக்கும் இடத்தில் காத்திருக்கத்தான் வேண்டும்.

நாலுகதவு சார், பெரிய வேலையோடு புது ஆளிடம் போகாதீர்கள். முதலில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றக் கொடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் பார்ப்பது இவை: பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டாரா, பழையதையே திருகினாரா? ஆயில் ஊற்றியதும் ஒரு நிமிஷம் இன்ஜினை ஓட்டி, நிறுத்தி, காத்திருந்து டிப்ஸ்டிக்கைப் பார்த்தாரா? மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டு "பரவாயில்லை" என்றால் அவருக்கு எல்லாமே பரவாயில்லைதான். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் போகிறாரா, ஸ்டாண்டு வைக்கிறாரா? தன் உயிர் விஷயத்திலேயே அலட்சியமாக இருப்பவர் உங்கள் பிரேக்கில் கவனமாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

கழற்றிய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), ஸ்டார்ட்டர் மாதிரி சிலவற்றில் பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியதை அந்த விலைக்குக் கொடுப்பார்கள். அப்போது வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, கண்ணால் பார்க்கலாம். பெண் என்பதால் என்னிடம் பேசாமல் கூட வந்த தம்பியிடமே எல்லாவற்றையும் விளக்கிய ஒரு கடையும் உண்டு. அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது. அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை.

கிரீஸ்கை

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சத்தம். உங்களை இடதுபக்க சீட்டில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்காமல் யாராவது பாகத்தின் பெயரைச் சொன்னால் அது ஊகம்தான். ஓட்டிப் பார்த்த பிறகு வண்டியைத் தூக்க வேண்டும். சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 3 மணியிலும் 9 மணியிலும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டையோ ரேக்கையோ பார்க்க வேண்டும். 12-லும் 6-லும் பிடித்து ஆட்டும்போது தெரிகிறதா? பால் ஜாயிண்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கம் பிணைக்கும் மூட்டு) அல்லது வீல் பேரிங். அதே நேரம் உள்ளே ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். அப்புறம் கடப்பாரை மாதிரி ஒரு லீவரை வைத்து லோயர் ஆர்மை நெம்பினால் ரப்பர் புஷ் கிழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்த ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சத்தத்துக்கு அதிகம் மாட்டுவது ஸ்டெபிலைசர் லிங்க் என்ற சின்னக் கம்பி. முன்பக்க சஸ்பென்ஷனில் விலை குறைந்த பாகங்களில் அதுவும் ஒன்று. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் ஆடாது. "பார்த்தோம், லிங்க் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். இரண்டு முன்சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போதுதான் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் பக்கம். நான் மேலே சொன்னதைச் செய்ய அரைமணி, முக்கால்மணி ஆகும். இதற்கு யாரும் காசு தருவதில்லை. "சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்றுதான் வருவார்கள். பார்த்து, லிங்க்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னால், மாற்றப் பதினைந்து நிமிஷம், சின்ன பில். சில பேர் "இவ்வளவுதானா? அதைப் பக்கத்துக் கடையில் போட்டுக்கொள்கிறேன்" என்று கிளம்புவார்கள். பக்கத்துக் கடைக்காரர் எதையும் பார்ப்பதில்லை. ஆறு பாகத்தை மாற்றுவார், அதில் ஒன்று உண்மையான குற்றவாளியாக இருக்கும், சத்தம் நிற்கும், வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. யார் பிழைப்பார், சொல்லுங்கள்.

அதனால் நான் சொல்லும் ஒரே வழி: கண்டுபிடிக்கிற வேலைக்குத் தனியாகக் காசு கொடுங்கள். "முதலில் பார்த்து என்ன கோளாறு என்று சொல்லுங்கள், அதற்கு எவ்வளவு என்று சொன்னால் கொடுத்துவிடுகிறேன். ரிப்பேர் பண்ணுவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்கிறேன்." இப்படி ஒருவர் வந்தால், அவரிடம் பாகம் விற்றுத்தான் அந்த அரைமணியைச் சம்பாதிக்க வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை. "ஒன்றும் இல்லை, ஓட்டுங்க" என்று சொல்லியும் என் கூலி வந்துவிடும்.

ஓரங்கட்டு

> கண்டுபிடிக்கிற வேலைக்குத் தனியாகக் காசு கொடுங்கள்

கொடுத்துப் பார்த்தாச்சு. காசையும் வாங்கிக்கொண்டு பதினேழு பாகப் பட்டியலையும் கையில் கொடுத்தார்கள்.

கிரீஸ்கை

நடக்கும். பழைய வண்டியில் பட்டியல் நீளமாக இருப்பது தப்பில்லை, அதில் வரிசை இல்லாமல் இருப்பதுதான் தப்பு. எது இன்றைக்கே, எது அடுத்த சர்வீஸில், எது கண்ணில் வைத்துக்கொண்டால் போதும் என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிரிக்கத் தெரியாதவர் வண்டியைப் பார்க்கவில்லை, அச்சடித்த பட்டியலில் டிக் அடித்திருக்கிறார்.

மஞ்சள்விளக்கு

பிரித்துச் சொல்வதோடு அளவும் கேட்க வேண்டும். "போயிடுச்சு", "வீக்கா இருக்கு", "டைம் ஆயிடுச்சு" இதெல்லாம் அளவு இல்லை.

பிரேக் பேடா? எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்? புதிதில் 10-12 மி.மீ. போல இருக்கும், 3-க்குப் பக்கத்தில் வந்தால் மாற்ற வேண்டியதுதான். 6 இருக்கும்போது மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். பேட்டரியா? இன்ஜின் ஓடாமல் சில மணிநேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஸ்டார்ட் செய்தபின் 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம், புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் படுத்துவிடும். மீட்டரே வைக்காமல் பேட்டரி விற்க வருகிறவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம். டயருக்கு அவர் சொல்ல வேண்டியதே இல்லை, ஓரத்திலேயே எழுதியிருக்கும். கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது.

அப்புறம் ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி. என் பெயரே டாஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கால் வந்ததுதான், அதனால் இதை விட முடியாது. ஸ்கேனர் காட்டும் கோடு (அந்தக் கோளாறு எண்) எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது, எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்லும். P0171 வந்தால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். காற்று எங்கோ கிழிந்த ஹோஸ் வழியாக உள்ளே போகலாம், ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்காக இருக்கலாம், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம். கோடைப் பார்த்த கையோடு "சென்சார் மாத்தணும்" என்பவர் இந்த மூன்றில் ஒன்றை உங்கள் காசில் பரிசோதிக்கிறார். P0420-உம் அப்படித்தான். அதைக் காட்டி நேராகப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வார்கள். சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும், ஆக்சிஜன் சென்சார் தடுமாறினாலும் அதே கோடு வரும்.

வேலை தெரிந்தவர் எப்படிச் செய்வார் என்று ஒரு உதாரணம். என் வண்டி மிஸ் ஆகத் தொடங்கி P0301 காட்டியது. முதல் சிலிண்டரில் நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அவர் எதையும் வாங்கி வரச் சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை முதல் சிலிண்டரிலிருந்து கழற்றி இரண்டாவதில் போட்டார், இரண்டாவதை முதலில் போட்டார், கோடை அழித்துவிட்டு ஓட்டினார். இப்போது P0302 வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. ஒரே ஒரு காயில் மாற்றினார், சரியாகிவிட்டது. கோடு இடம் மாறாமல் முதல் சிலிண்டரிலேயே நின்றிருந்தால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று அடுத்தடுத்துப் போயிருப்பார். இன்றுவரை அவரிடம்தான் போகிறேன்.

புதுலைசென்ஸ்

ஒவ்வொரு சர்வீஸிலும் இன்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங் என்று சேர்க்கிறார்களே, தேவையா?

மஞ்சள்விளக்கு

மேனுவலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா, "இப்போது வேண்டாம்" என்று சொல்லுங்கள். கோளாறு தெரியும்போது செய்யலாம், வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை.

கிரீஸ்கை

ஆனால் பிரேக் ஆயிலையும் அந்தக் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். DOT 4 என்ற ரகத்துக்குத் தரம் என்னவென்றால், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. மலை இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். நாங்கள் நியாயமாகச் சொல்லும்போதும் "இவன் பில் ஏத்தப் பார்க்கிறான்" என்று முகத்தைத் திருப்புவது இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகம்.

கணக்குப்பிள்ளை

பழைய வண்டியில் பெரிய செலவு என்றால் ஹீட் ஆவதுதான். ஹீட் ஆனதும் "ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டை இறக்கணும்" என்பார்கள். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி, கேஸ்கட் அதன் அடியில் கசிவைத் தடுக்கும் தகடு. சரி என்று தலையாட்டும் முன்பு மூன்றைக் கேளுங்கள். ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், ஃபேன் பார்த்தாச்சா? அழுத்தம் ஏற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாச்சா? கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று சோதித்தாச்சா? கடைசியாகச் சொன்ன சோதனை எளிது. நீல நிறத் திரவம் ஒன்று, கூலன்ட்டிலிருந்து வரும் வாயு அதன் வழியாகப் போகும்போது மஞ்சளானால் இன்ஜின் வாயு உள்ளே கசிகிறது. மாறவில்லை என்றால் ஹெட்டைக் கழற்ற அவசரமில்லை. அதற்காக ஹீட் முள் ஏறிய வண்டியை ஓட்டிக்கொண்டே ஆராய்ச்சி செய்யாதீர்கள், ஓரமாக நிறுத்துங்கள்.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது, எந்தப் பிராண்ட், யார் செய்தது. புது மெக்கானிக் முன் அந்த நோட்டை எடுத்து வைத்தாலே பேச்சு மாறும். போன வருஷம் மாற்றிய பாகத்தை மறுபடி மாற்றச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. நல்ல ஆளாக இருந்தால் அதைப் பார்த்து அவரே வேலையைச் சுருக்கிக்கொள்வார்.

சந்தேகராணி

எஸ்டிமேட்டில் பாகமும் லேபரும் தனித்தனியாக, பாகத்தின் பிராண்ட் பெயரோடு வேண்டும் என்று கேளுங்கள். "சொன்ன வேலை தவிர வேறு எது தெரிந்தாலும் போன் பண்ணுங்கள், நான் சரி சொல்லாமல் தொடாதீர்கள்" என்பதை அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது மாலைக்குள் மறந்துவிடும்.

புதுலைசென்ஸ்

பாகங்களை நாமே ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தால் மலிவாக வருமே?

கிரீஸ்கை

வரும். நான் போட்டுத் தருவேன், ஆனால் உத்தரவாதம் தர மாட்டேன். பெட்டிக்குள் வேறு மாடலின் பாகம் இருந்தால், வண்டி ஜாக்கியில் நிற்க, பாகம் மாறி வரும்வரை என் இடம் முடங்கும். ஃபில்டர், பிரேக் பேட் இரண்டிலும் போலி அதிகம், அச்சு அசலாகப் பெட்டி அடித்திருப்பார்கள். நான் வாங்கிப் போட்டது மூன்று மாதத்தில் போனால் என் சட்டையைப் பிடிக்கலாம். நீங்கள் வாங்கி வந்தது போனால் நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாலுகதவு

எல்லோருக்கும் நன்றி. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டு ஒருவரைப் பிடித்தேன். பார்ப்பதற்குக் கூலி எவ்வளவு என்று கேட்டபோது கொஞ்சம் விழித்தார், அப்புறம் ஒரு தொகை சொன்னார்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் தூக்கினார், என்னையும் கீழே கூப்பிட்டார். இடது பக்க லிங்க் கையாலேயே லொடலொடவென்று ஆடியது. லோயர் ஆர்மின் பின் புஷ்ஷை நெம்பிக் காட்டினார், ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. ஷாக் அப்சார்பரில் ஈரம் இல்லை, இப்போது வேண்டாம் என்றார். ரேக்கில் ஆட்டமே இல்லை. வண்டியை இன்னும் எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டார். இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இரண்டு மூன்று வருஷம் என்றதும், ஆர்மை முழுதாக மாற்றாமல் புஷ் மட்டும் போட்டால் போதும், பால் ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது என்றார்.

வேலை நாளைக்கு. கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

கிரீஸ்கை

ஒன்று உண்டு. புஷ் போட்டபின் ஆர்மின் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது நடக்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் இறக்கி வச்சுட்டுத்தான் டைட் பண்ணுவேன்" என்று அவரே சொன்னால் அவரை விடாதீர்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

நாலுகதவு

கேட்டேன். நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. சத்தம் போய்விட்டது, கழற்றிய புஷ் டிக்கியில் இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். டைமிங் பெல்ட் (இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓட்டுவது) எப்போது மாற்றியது என்று எங்கும் பதிவு இல்லை. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, விட்டுவிடலாமா?

மஞ்சள்விளக்கு

விடாதீர்கள். முதலில் உங்கள் இன்ஜினில் பெல்ட்டா செயினா என்று மேனுவலில் பாருங்கள். செயின் என்றால் குறிப்பிட்ட கெடு பொதுவாக இல்லை, சத்தம் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

கிரீஸ்கை

பெல்ட் என்றால், பதிவு இல்லாததை மாற்றாதது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கிலோமீட்டர், வருஷம் என்று இரண்டு கெடு இருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். அப்புறம் ஹெட் வேலைதான். அறுவதற்கு முன்னால் சத்தமோ விளக்கோ பெரும்பாலும் வராது.

மாற்றும்போது பெல்ட்டை இழுத்துப் பிடித்து வழிநடத்தும் டென்ஷனரையும் ஐட்லரையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டிலேயே ஓடுகிறது என்றால் அதையும். கழற்றும் லேபர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கிராங்க், கேம் ஆயில் சீல் கசிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

முடிந்ததும் கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பெல்ட் கவர் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள். நோட்டிலும் ஏற்றிவிடுங்கள், பில்லில் பெல்ட் கிட்டின் பார்ட் நம்பர் இருக்கும்.